காற்று பார்க்கும் மேசை

காலை ஐந்தே காலுக்கு
சுங்கை சிப்புட் சந்தை முன்னால்
பேக்டரி பஸ் ஏறுவோம்.
தனபாக்கியம் ஜன்னலோரம், நான் பக்கத்தில்.
சாலாக் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள்.
தலை என் தோளில்,
மடியில் பசியாறும் மங்கு.

தூங்குமூஞ்சி என்று பஸ்ஸே சிரிக்கும்.
அவளும் சிரிப்பாள், காமுந்திங்கில் இறங்கும்போது,
இரண்டு விரலால் நெற்றிப்பொட்டை அழுத்தியபடி.

விடிந்தால் தலைவலி என்றாள்.
ரத்தம் போதாது என்று கிளினிக்கில்
இரும்பு மாத்திரை.
அடுத்த வருடம் பிரஷர்.
அதற்கும் அடுத்து,
"ஐம்பத்திரண்டு இல்லையா ஆண்டி,
அப்படித்தான் வேர்க்கும், விழிப்பு வரும்."
அப்புறம் ஒரு வெள்ளை மாத்திரை,
மனசு சரியில்லாதவர்களுக்கு.
"என் மனசுக்கு என்னடி?" என்று என்னைக் கேட்டாள்,
நான்தான் எடுத்து ஒளித்து வைத்ததுபோல.

ராத்திரி நாலு தடவை எழுந்து
கொல்லைப்பக்கம் போவாளாம்.
கறியில் இரண்டு முறை உப்பு.
மகன் பெயர் வாயில் வராமல்
நாயின் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டாளாம்.
எல்லாம் சிரிப்புக் கதையாகத்தான் வந்தது.
யாரும் கோத்துப் பார்க்கவில்லை.
நானும்தான்.

குறட்டையா?
ஐயய்யோ, அது ஆம்பளைங்க விடறது.
வீட்டுக்காரர் வேலாயுதம்
ஜொகூருக்குச் செம்பனை எண்ணெய் லாரி ஓட்டுகிறார்.
வாரத்தில் வீட்டில் படுக்கும் இரண்டு ராத்திரியும்
அவர் குறட்டைக்குக் கூரைத் தகரம் நடுங்கும்.
அதற்கடியில் இன்னொரு சத்தம்
அறுந்து அறுந்து கிடந்தது
கேட்காமல் போனதற்கு
அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.
கொஞ்சம் சொல்வேன்.

எனக்கு வேலை, காற்று பார்ப்பது.
மெஷின் கையுறைக்குள் ஊதும்.
ஐந்து விரலும் மாட்டு மடி மாதிரி எழும்பும்.
எது மெல்ல இறங்குகிறது என்று பார்த்து
கூடையில் எறிய வேண்டும்.
பதினொரு வருடமாக.

அன்று மழை.
கோலகங்சார் பாலத்தில் லாரி ஒன்று சாய்ந்துகிடக்க
பஸ் நின்றது, இன்ஜின் அணைந்தது.
அப்போதுதான் கேட்டேன்
தோளில் ஒன்றும் கேட்காததை.
எட்டு. ஒன்பது.
நெஞ்சு ஏறப் பார்க்கிறது, வழியில்லை.
பதினைந்து.
உதட்டில் நிறம் குறைகிறது.
பத்தொன்பதில்
அடிக்கிணற்றில் வாளி இடித்ததுபோல் ஒரு திணறல்.
கண் திறக்கவில்லை.
மூச்சு வந்தது.
வந்து, நாலு முறை போய்வந்து,
மறுபடி நின்றது.

பாலம் விடும்வரை
வேலை அட்டையின் பின்னால் கோடு போட்டேன்.
இருபது நிமிடம், ஒன்பது கோடு.

கிளினிக்குக்கு நானும் போனேன்.
புது டாக்டர், நூருல்ஹூடா, ஒரு தாள் நீட்டினார்.
சத்தமாகக் குறட்டை விடுவீர்களா?
வெட்கத்தில் 'இல்லை' போட்டாள் தனபாக்கியம்.
தூக்கத்தில் மூச்சு நிற்பதை
யாராவது பார்த்ததுண்டா?
வீட்டுக்காரர் லாரியில் என்று சொல்ல வாயெடுத்தாள்.
நான் அட்டையைத் திருப்பி வைத்தேன்.

டாக்டர் கோடுகளை எண்ணினார், இரண்டு தரம்.
பிறகு அவளுடைய பழைய சீட்டுகளை
ஒன்றின்மேல் ஒன்றாக இருந்ததைப் பிரித்து
பக்கத்தில் பக்கத்தில் பரப்பினார்.
இரும்பு, பிரஷர், வயசு, மனசு.
வெகுநேரம் பேசவில்லை.
"தூக்கத்தில் மூச்சடைப்பாக இருக்கலாம்.
பெண்களிடம் இப்படித்தான், சத்தம் போடாமல் வரும் பல நேரம்.
ஈப்போவில் ஒரு ராத்திரி
ஒயர் மாட்டிப் படுத்துப் பார்க்கணும்."

தேதி கிடைத்தது,
பதினொரு வாரம் தள்ளி.

அதுவரைக்கும்
சாலாக் தாண்டியதும் தலை சாய்கிறது.
பத்து எண்ணி முழங்கையால் இடிக்கிறேன்.
"சனியனே" என்கிறாள் தூக்கத்தில்.
திட்டட்டும்.
திட்டுவதற்கும் மூச்சு வேண்டுமில்லையா.

நான் லீவு போடும் நாளுக்கு
பின்சீட்டு நேப்பாளப் பெண் பிமலாவுக்குச்
சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
கோணல் தமிழில் எண்ணிக்கொண்டே வருகிறாள்.
எட்டு மட்டும் வாயில் நிற்கவில்லை.
பரவாயில்லை,
ஏழிலேயே இடிக்கச் சொல்லிவிட்டேன்.